நன்றியுரை மட்டும் எனக்கு

எழுநூறு வருடங்களுக்கு முன் பாரசீகத்தில் ஒரு வைத்தியர் இருந்தார். மங்கோலிய அரசர்களுக்கு மருந்து கொடுக்கப் போய், அமைச்சராகி, தான் அறிந்த உலகத்துக்கெல்லாம் வரலாறு எழுதியவர். அவர் எனக்கே சொந்தம் என்று நினைத்திருந்தேன். திருச்சியில் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன்; வீட்டில் பேசிய உருதுவைப் பிடித்துக்கொண்டு பாரசீகம் படித்ததே அவருக்காகத்தான்.

என் அண்ணன் டாக்டர். ஸ்ரீரங்கத்தில் கிளினிக். போன வருடம் குடும்பத்தோடு முக்கொம்பு போயிருந்தபோது, பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தபடியே அந்த வைத்தியரைப் பற்றிக் கேட்டார். கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். நான் சாப்பிட்டேனா என்பதுகூட நினைவில்லை.

சில மாதம் கழித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாசகர் கூட்டம் நடத்துபவர் போன் செய்தார்.

"அந்த பாரசீக வைத்தியரைப் பத்தி உங்க அண்ணன் பேசறாருங்க மேடம். நீங்க நன்றியுரை சொல்லிடுங்க. சுருக்கமா இருந்தா போதும்."

வயிறு எரிந்தது. சரி, கிடைத்த மைக்கில் இது யாருடைய உழைப்பு என்று சொல்லிவிடுவது என முடிவு செய்துகொண்டேன்.

அண்ணன் நன்றாகத்தான் பேசினார். அதுதான் பொறுக்கவில்லை. அரசர் இறந்ததும் மருந்தில் விஷம் வைத்ததாகப் பழி போட்டு, வயதான காலத்தில் வைத்தியரைக் கொன்றதைச் சொன்னபோது கூடத்தில் சத்தமே இல்லை. அதையே வகுப்பில் நான் சொன்னால் பிள்ளைகள் மணி பார்ப்பார்கள். ஸ்டெதாஸ்கோப்புக்கு உள்ள மரியாதை சாக்பீஸுக்கு ஏது?

பிறகு அவர் கூடுதலாக ஒன்று சொன்னார். "இவர்கிட்ட வேலை பார்த்த ஒருத்தர், புஸ்தகத்தை எழுதினது நான், பேரு மட்டும் அமைச்சருக்குப் போயிடுச்சுன்னு புலம்பினாராம். என்ன செய்ய, பொறாமைக்கு எந்த வைத்தியர்கிட்டயும் மருந்து இல்லைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த நகைச்சுவை என்னுடையது. முக்கொம்பில் ஒரு வார்த்தை மாறாமல் நான் சொன்னது. இத்தனை வருடமும் நான் அமைச்சர் கட்சி. புலம்பியவரை நினைத்துச் சிரித்தவள். அன்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கட்சி மாறிவிட்டேன்.

அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். என்னை அழைத்தார்கள். தலைவருக்கு நன்றி, மைக் செட்காரருக்கு நன்றி, டீ கொடுத்தவருக்கு நன்றி. அண்ணன் என்னைப் பார்த்து, வீட்டில் சிரிப்பதுபோலவே சிரித்தார். எல்லாம் தானே கண்டுபிடித்தது என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தார்.

"அந்தப் புலம்பல்காரர் கதையை அண்ணனுக்குச் சொன்னது நான்தாங்க. இந்த வைத்தியரைப் பத்தி மத்ததையும் நான்தான் சொன்னேன். அந்த மனுஷனைப் பொறாமைக்காரர்னு அப்ப நானும் சிரிச்சேன். இப்ப, அவர் சொன்னது உண்மையா இருக்கும்னு தோணுது."

கைதட்டினார்கள். அண்ணன் தட்டவில்லை.

இறங்கி வந்ததும், கூட்டம் நடத்துபவர் எங்கள் இருவரிடமும் டீயை நீட்டினார். "ரொம்ப அழகா பேசினீங்க மேடம். அண்ணன் நல்லா சொல்லிக்கொடுத்திருக்காரு."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு டீயை வாங்கினார்.