சித்தப்பா வெட்டிய வாக்கியம்

நார்வேயில் எனக்குச் சம்பளம் கொடுப்பது இருட்டைக் காவல் காக்கத்தான். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எலிகள் இருக்கும் அறைக்குள் அவற்றின் இரவு நேரத்தில் துளி வெளிச்சம்கூடப் புகக்கூடாது. கோடையில் இந்த நாட்டில் சூரியன் அடங்குவேனா என்று நிற்கும். அதனால் கதவிடுக்கில் கறுப்பு டேப் ஒட்டுவதும், ஒட்டியதை விரலால் தடவிப் பார்ப்பதும் என் அன்றாட வேலை. உடன் வேலை பார்க்கும் இங்க்ரிட் ஒருநாள், "உங்கள் ஊரில் இருட்டு இருக்குமா?" என்று அக்கறையோடு கேட்டாள். கரண்டு போனால் ஓசியிலேயே கிடைக்கும் என்றேன். அவள் அதைத் துயரமாக எடுத்துக்கொண்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

விஷயம் இதுதான். இருட்டில் உடம்பில் மெலடோனின் சுரக்கிறது. அது போதுமான அளவு இருக்கும்வரை எலியின் புற்றுக்கட்டியால் இரத்தத்தில் ஓடும் லினோலெயிக் அமிலம் என்கிற கொழுப்பை இஷ்டத்துக்கு உறிஞ்ச முடிவதில்லை. நாம் சமைக்கும் எண்ணெய்களில் இருக்கும் கொழுப்புதான் அது. இரவில் லேசாக வெளிச்சம் பட்டாலும் மெலடோனின் குறைகிறது, கட்டி அந்தக் கொழுப்பைத் தின்று வளர்கிறது. ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது காரைக்குடிக் கல்லூரி ஒன்றில் இதைத் தமிழில் விளக்கிப் பேசினேன். முடிக்கும்போது, "இது எலிகளில் பார்த்தது, இதை நம்பி யாரும் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்" என்றும் சொன்னேன். முன்வரிசையில் உட்கார்ந்து செல்போனில் படம் பிடித்தவர் என் சித்தப்பா, அம்மாவின் தங்கை வீட்டுக்காரர். காரைக்குடியில் இயற்கை மருந்துக் கடை வைத்திருப்பவர். அந்தக் கடைசி வாக்கியத்தை வெட்டிவிட்டு மீதியைக் கடை டிவியில் நாள் முழுக்க ஓடவிட்டார். டிவிக்குக் கீழே மெலடோனின் மாத்திரை டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார்.

கண்டரமாணிக்கத்தில் தனியாக இருந்த என் அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. மதுரை டாக்டர் உடனே ஆபரேஷன் என்றார். அம்மா போகவில்லை, எனக்கும் சொல்லவில்லை. சித்தப்பா கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஜன்னல்களைச் சாத்திச் சாக்குத் தொங்கவிட்டு, சட்டியில் சொட்டு எண்ணெய் விடாமல் அவித்ததையே தின்று காலம் தள்ளினாள். தாளிக்காத குழம்பை எடுத்தெறிந்து பேசுகிறவள் அவள். நான் தெரிந்து ஓடி வந்தபோது நோய் எலும்புவரை போயிருந்தது.

ஏன் இப்படிச் செய்தாய் என்று அழுதேன். "நீ சொன்னதத்தானத்தா செஞ்சேன். அவுக டிவியில போட்டுக் காட்டுனாக. எம்புள்ள பொய்யா சொல்லும்?" என்றாள். ஆடியில் அம்மா போய்ச் சேர்ந்தாள். கேதம் கேட்க வந்தவர்களிடம் சித்தப்பா, "மதினி கடைசிவரைக்கும் வலியில்லாமத் தூங்குனாக. எல்லாம் நம்ம மாத்திரதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவின் உடம்பு இன்னும் வீட்டுக்குள் கிடந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த ஆளை விடக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

சித்திரையில் வாட்ஸப்பில் அவருடைய குரல் வந்தது. "ஆத்தா, சித்தப்பா பேசுறேன். கன்னத்துக்குள்ள ஒரு கட்டி வந்திருக்கு. நம்ம மாத்திரையெல்லாம் இதுக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியும். மதுரையில கைராசியான டாக்டரா விசாரிச்சுச் சொல்லு. வெளியில மூச்சு விட்டுராத, யாவாரம் படுத்துரும்." அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். தெரியுமாம். அம்மாவுக்குக் கொடுத்தபோதும் தெரிந்திருக்கிறது.

நல்ல டாக்டராகவே விசாரித்துச் சொன்னேன். என்னைப் பெருந்தன்மைக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் செத்துவிட்டால் படத்துக்கு மாலை போட்டுப் புண்ணியவானாக்கிவிடுவார்கள். அவர் பிழைக்க வேண்டும், பிழைத்து ஊர் வாயில் விழ வேண்டும். காசிக்குப் போவதாகச் சொல்லிக் கடையைப் பூட்டிவிட்டு மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டார். நல்லபடியாக முடிந்தது என்று செய்தி வந்த அன்று என் முகத்தைப் பார்த்து இங்க்ரிட் விசாரித்தாள். சித்தப்பா பிழைத்துவிட்டார் என்றேன். "எவ்வளவு பாசமான குடும்பம்" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். நானும் மறுக்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் கையைக் கட்டியது. ஆண் பிள்ளை இல்லாத அம்மாவுக்குக் கொள்ளி வைத்தவன் சித்தியின் மகன். ஆடியில் வரும் முதல் வருஷத் திவசத்தையும் ஊருணிக் கரையில் அவன்தான் கொடுக்க வேண்டும். அம்மா வீட்டுச் சாவி சித்தியிடம் இருக்கிறது. வாயைத் திறந்தால் அந்தத் திவசத்தில் எனக்கு இடமில்லை என்று தெரியும். சித்தப்பா மறுபடி கடையைத் திறந்தார், டிவியில் மறுபடி நான் பேசினேன். அன்று காலையிலேயே அவருடைய குரலைக் குடும்பக் குழுவிலும், பெருமைக்காக அவர் என்னைச் சேர்த்து வைத்திருந்த கடை வாடிக்கையாளர் குழுவிலும் போட்டேன். வெட்டிய வாக்கியத்தையும் கீழே எழுதினேன். எழுதும்போது இனித்தது.

வாரத்துக்குள் கடைக்குப் பூட்டு விழுந்தது. சித்தி கூப்பிட்டாள். "எங்களத் தெருவுல நிறுத்திட்டியே. உங்கம்மா இருந்தா இதச் செய்ய விடுவாகளா?"

"அம்மா இருந்தா செய்ய வேண்டியிருக்காது சித்தி."

"திவசத்துக்கு இங்குட்டு வந்துராத. வீடு தொறக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டாள். அழுதேன், ஆனால் போட்டதை அழிக்கவில்லை.

போகாமல் இருக்கப்போவதில்லை. அவர்கள் படையல் போடும்போது எதிர்க்கரையில் நின்று பார்ப்பேன். என்னைப் பார்த்துக்கொண்டேதான் அவர்கள் என் அம்மாவைக் கும்பிட வேண்டும். அதற்குத் தங்க ஒரு இடம் வேண்டுமே என்று, பழைய செட்டிநாட்டு வீடொன்றை ஓட்டலாக்கி வைத்திருப்பவர்களுக்கு இங்கிருந்து போன் செய்தேன். எடுத்தவர் என் பெயரைக் கேட்டார், நாட்டைக் கேட்டார். நார்வே என்றேன்.

"தமிழ் நல்லாப் பேசுறீகளே மேடம். ஊரச் சுத்திக் காட்ட எங்க ஆளு வருவாரு, ஒண்ணும் பயப்பட வேணாம்" என்றார். "மொதத் தடவையா இங்குட்டு வாரீக?"

ஆமாம் என்றேன்.