அம்மா என்னைச் ‘சார்’ என்று கூப்பிட்டாள்

என் தாயை, அவள் உயிரோடு இருக்கும்போதே, பிள்ளையில்லாதவள் ஆக்கினேன். அந்தப் பிள்ளை நான்தான்.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போனாலும் எனக்கு வருத்தமில்லை... இல்லை, இருங்கள்! என் வேடிக்கைக் கட்டுரைகளுக்கெல்லாம் சிரித்தவர் நீங்கள். இதற்கும் சற்று உட்காரத்தான் வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் என் வேலை போயிற்று. கிண்டியில் நான் கணக்கெழுதிய கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். அப்பா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். அம்மாவுக்குப் பெருங்களத்தூரில் ஓர் அறை பார்த்துக் கொடுத்துவிட்டு, நானும் மனைவியும் சேலையூரில் மாமனார் வீட்டு மாடியில் ஒண்டிக்கொண்டிருந்தோம்.

அம்மாவுக்கு அரசாங்கத்தின் முதியோர் பென்ஷன் வாங்கலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். ஒரு நிபந்தனை. காப்பாற்ற வயது வந்த மகன் இருக்கக் கூடாது.

வேலையில்லாத மகன் ஒரு மகனா? புத்தகம் படித்தவனுக்குத் தர்க்கத்தில் என்ன பஞ்சம்! விசாரிக்க வந்த அதிகாரியிடம், அம்மாவின் அறை வாசலில் நின்று, “நான் தூரத்து உறவு சார்” என்றேன். அம்மா உள்ளேதான் இருந்தாள். அடுப்பை ஊதிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் நின்றது.

அன்றிலிருந்து அந்தத் தெருவுக்கு நான் ‘வந்துபோகிற சார்’. ஆள் முன்னால் அம்மாவும் அப்படியே கூப்பிடப் பழகிக்கொண்டாள்.

இதுவரை செய்ததை வறுமையின் தலையில் கட்டிவிடலாம். ஆனால் அடுத்த வருஷமே எனக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டதே! கேம்ப் ரோடு பக்கம் தனி வீடு, ஸ்கூட்டர், எல்லாம் வந்தன.

“அத்தைய இங்கயே கூட்டிட்டு வந்துடுங்க” என்றாள் மனைவி. கொடுமைக்கார மருமகளை எதிர்பார்த்திருந்தீர்களானால் மன்னிக்கவும், இந்தக் கதையில் அந்த வேடம் காலி. “வந்தா பென்ஷன் நின்னுடும்” என்றேன் நான்.

அந்தப் பென்ஷன் என் சிகரெட்டுக்குக் காணாது. பணத்துக்காகவா சொன்னேன்? எங்கே போனாய், ஏன் இளைத்தாய், தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று யாரும் கேட்காத வீடு எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்... அவ்வளவேதான்!

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்மாவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மூச்சு முட்டும்போதும் அவளுக்கு ஒரே கவலை. பென்ஷன் மணியார்டரில் வரும். தபால்காரர் உரியவர் கையில்தான் கொடுப்பார். ஆள் இல்லையென்று திரும்பிப்போனால் பென்ஷனே நின்றுவிடும் என்று பயந்தாள்.

தபால்காரரைத் தேடிப்போய்க் கெஞ்சினேன். நல்ல மனிதர். “ரூல்ஸ்ல எடமில்ல சார். அந்தம்மாவுக்கு யாருகீறா? நானே வந்து குடுத்துட்றேன்” என்றார்.

சொன்னபடி மறுநாள் மாலை வார்டுக்கே வந்தார். அம்மாவின் கட்டைவிரலை மையில் ஒற்றிக்கொண்டிருந்தபோது நர்ஸ் வந்தாள்.

“டைம் ஆச்சு, எல்லாரும் கிளம்புங்க. இந்த பேஷண்டுக்கு ரொம்ப முடியல. சொந்தக்காரங்க ஒருத்தர் மட்டும் வெளி வராந்தாவுல இருக்கலாம். நீங்க யாரு சார் இவங்களுக்கு?”

தபால்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு சொல்... மூன்றே எழுத்து! அம்மாவின் கட்டைவிரலில் இருந்த மையைத் துடைக்கக் குனிந்துகொண்டேன்.

அம்மாதான் என்னைக் காப்பாற்றினாள்.

“அவரு தெரிஞ்சவரும்மா. பாவம், வேலையிருக்கும்.” என் பக்கம் திரும்பினாள். “நீங்க போங்க சார். லேட்டாச்சு.”

போனேன்.

நம்புவீர்களா? தாம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததே என்று எனக்குச் சிறு சந்தோஷம்கூட இருந்தது!

காலையில் நான் போனபோது முகத்தை மூடியிருந்தார்கள். உடலை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டார்கள். “மகன்” என்றேன். நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பூக்காரம்மாள் மட்டும் ஆச்சரியப்படவில்லை.

“எனக்குத் தெரியும்பா. முழிச்சிகினு இருந்தா சாரு, சாருன்னும். தூக்கத்துல உம்பேரச் சொல்லித்தான் கூப்டும். நேத்தும் கூப்ட்டுகினே இருந்துச்சு.” சற்று நிறுத்தி, “நீதான் வூட்டுக்குப் பூட்டியே” என்றாள்.

கொள்ளி வைத்தேன். மொட்டை அடித்துக்கொண்டேன். குறையில்லாமல் எல்லாச் சடங்கும் செய்தேன். செத்த தாய்க்கு நான் உத்தமமான பிள்ளை.

காரியம் முடிவதற்குள், அறையைக் காலி செய்யப் பெருங்களத்தூர் போனேன். தெருமுனையில் தபால்காரர் சைக்கிளிலிருந்து இறங்கினார்.

“அந்தம்மா பூட்ச்சாமே சார்... பெத்த புள்ளகூட இவ்ளோ செஞ்சிருக்க மாட்டான்.” பிறகு என் தலையைப் பார்த்து, “இன்னா சார், திருப்பதியா?”

இப்போதாவது சொல்லியிருக்கலாம், இல்லையா? பென்ஷன் முடிந்துவிட்டது. அம்மா முடிந்துவிட்டாள். இனி எதைக் காப்பாற்ற?

“ஆமா” என்றேன். “ஒரு வேண்டுதல்.”

“எங்க சார் பிரசாதம்?” என்று சிரித்தார்.

மறுநாள் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு லட்டு வாங்கி, காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு இரு கைகளாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாதியைப் பிட்டு என்னிடமே நீட்டினார்.

சாப்பிட்டேன்... இனித்தது!