ஐந்து பேரில் ஒருவர்

நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம். மாநில ஆட்சியையும் கலைத்துவிட்டிருந்தார்கள். தேனி கடைவீதியில் எங்களுக்கு ஓர் இரும்புக் கடை இருந்தது. ஆணி, கீல், மண்வெட்டி என்று வாங்க கடமலைக்குண்டிலிருந்துகூட விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் வருவார்கள். என் கணவர் கட்சிக்காரர். பெரிய பதவியெல்லாம் இல்லை. கூட்டம் நடந்தால் மேடை கட்ட முன்னால் நிற்பார், கடைசியில் நன்றி சொல்லிப் பேசுவார்.

ஒருநாள் காலை அவர் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். "ஐயா கூப்பிட்டாக. சின்ன விசாரணை, சுருக்க வந்திரலாம்" என்றார்களாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. நான் ஸ்டேஷனுக்குப் போனேன்.

"மதுரைக்குக் கொண்டு போயிட்டாகம்மா. இங்கன நின்னு பிரயோசனமில்ல" என்றார் ஏட்டு.

"அவுக என்ன தப்புப் பண்ணினாக?"

"எங்களுக்கே சொல்லல." அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் தனியாக எவ்வளவு நேரம் இருப்பது? மறுநாளிலிருந்து நானே கடையில் உட்கார்ந்தேன். பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் தினமும் எங்கள் கடைக்கு வந்து பேப்பர் படிக்கிறவர். அவர் தன் நாற்காலியைத் தெருவின் மறுமுனை தெரிகிற மாதிரித் திருப்பிப் போட்டுக்கொண்டார். வாடிக்கையாக ஏருக்குக் கொழு வாங்குகிறவர்கள் எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த கடைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையில் நான் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. பின்னால் இடமில்லாமல் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பாட்டுப் பாடும்போது என் குரல் எனக்கே தனியாகக் கேட்டது. பாடுவதை நிறுத்திவிட்டேன்.

போடியிலிருந்து என் அண்ணன் ஒரு தடவை வந்தார். கொடுத்த காப்பியை நின்றபடியே குடித்தார். "கட்சியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்திரச் சொல்லு" என்றார். "எனக்குச் சர்க்கார் உத்தியோகம். அடிக்கடி வர முடியாது, தப்பா நினைக்காத." அதன்பிறகு அவர் வரவில்லை.

யாரோ சொன்ன விலாசத்தை வைத்து மதுரையில் ஒரு வக்கீலைத் தேடிப் போனேன். வயதானவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், ஒரு நாளைக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சாசனத்தில் இருக்கிறது என்றார். எனக்கு உயிர் வந்தது போலிருந்தது.

"அப்ப நிறுத்தச் சொல்லலாமில்ல?"

"தடுப்புக் காவலுக்கு அது பொருந்தாதுன்னு அடுத்தாப்லயே எழுதியிருக்கும்மா. ஆனா அதுக்கும் காரணம் சொல்லணும்னு ஒரு விதி இருந்துச்சு. இப்ப அதையும் எடுத்துட்டாங்க."

"ஐகோர்ட்டுல கேட்டா?"

"முன்னாடின்னா, ஆளைக் கொண்டுவந்து காட்டுன்னு மனுப் போட்டிருப்பேன். நெருக்கடி முடியிற வரைக்கும் அப்படிக் கேக்கவே உரிமை இல்லைன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. அஞ்சு நீதிபதிங்க. நாலு பேரு அப்படிச் சொன்னாங்க. ஒருத்தர் மட்டும் மாட்டேன்னுட்டார். சட்டம் இல்லாம ஒரு மனுசனைப் பிடிச்சு வைக்க முடியாதுன்னு தனியா எழுதியிருக்கார்."

அந்த நீதிபதியின் பெயரையும் சொன்னார். பஸ்ஸில் வரும்போது மறந்துவிட்டேன். ஆனால் அவரைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். தீர்ப்பு வாசித்த அன்று மற்ற நால்வரும் அவரோடு சேர்ந்து சாப்பிட்டிருப்பார்களா? வராந்தாவில் எதிரே வந்தவர்கள் நின்று பேசியிருப்பார்களா? அந்த வருடம் முழுவதும் எனக்குத் துணை என்று இருந்தது, முகம் தெரியாத அந்த மனிதரைப் பற்றிய நினைப்புதான்.

சிறையில் என் கணவரைப் பார்க்க அனுமதி கிடைத்தபோது, வார்டர் ஒருவர் எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இவர் மெலிந்திருந்தார், தாடி விட்டிருந்தார். கடை எப்படி நடக்கிறது என்று கேட்டார். நல்லா நடக்கிறது என்றேன்.

"வீட்டுக்கு யாரும் வாராகளா?"

"எல்லாரும் வாராக."

அவர் என்னையே பார்த்தார். "நீ சாப்பிடுறியா?" என்று கேட்டார். தலையாட்டினேன். எழுதிக் கொடுக்கச் சொல்லி அண்ணன் சொன்னதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

தேர்தல் அறிவித்த பிறகு அவரை விட்டார்கள். எதற்காகப் பிடித்தார்கள் என்று அப்போதும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் மாலை போட்டு வரவேற்றார்கள். வீடு கொள்ளாத கூட்டம். அண்ணன் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். நான் அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டே இருந்தேன். அத்தனை பேர் பேசிச் சிரிக்கிற சத்தத்தில் எனக்கு ஏனோ அழுகை வந்தது.

சில நாள் கழித்துப் பாத்திரக் கடைக்காரர் கடை வாசலில் வந்து நின்றார். "எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல ஆத்தா" என்றார்.

"தெரியும்ண்ணே" என்றேன். உண்மையிலேயே தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் பழையபடி அவரிடம் பேச எனக்கு வரவில்லை.

என் கணவர் திரும்பவும் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தார். கடைக்குப் போவதை நான் விடவில்லை. ஓரிரு வருடம் கழித்து, ஒருநாள் கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவர் என்னைக் கூப்பிட்டார். நெருக்கடி நிலை வந்தாலும் உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமையை இனி நிறுத்தி வைக்க முடியாது என்று சாசனத்தைத் திருத்தியிருக்கிறார்களாம்.

நான் ஒரு சம்சாரிக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். "அப்ப கோர்ட்டுல போய்க் கேக்கலாமா?" என்றேன்.

"கேக்கலாம்."

"கேட்டா, பிடிச்சவுக பதில் சொல்லணுமா?"

"சொல்லித்தான் ஆகணும்" என்றார்.

ஆணியைக் காகிதத்தில் மடித்து அந்தச் சம்சாரியிடம் கொடுத்தேன். இவர் எழுந்து வந்து, என் பக்கத்தில் நின்றுகொண்டார்.