ஊதுங்க, சாவி தரேன்

அடுத்தவர் மூச்சை வாங்கிப் பிழைக்கிற வேலை என்னுடையது. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பஸ் கம்பெனி. காலையில் டிரைவர்கள் என் கையில் இருக்கும், குடித்திருந்தால் கத்தும் மெஷினில் ஊதினால்தான் வண்டிச் சாவி. குடிக்கிற புருஷனோடு குடித்தனம் பண்ணும் சகோதரிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நேத்து குடிச்சது

தியாகதுருகத்து டிரைவர் முருகேசன் குளித்து, விபூதி பூசி, பளபளவென்று வந்தார். ஊதினார். மெஷின் கத்தியது. "நேத்து குடிச்சது மேடம். தூங்கி எழுந்து மோர் குடிச்சிட்டு வரேன்" என்றார். மோர் வாடையைத்தான் அடக்கும். ரத்தத்தில் ஏறியதை ஈரல் தன் போக்கில்தான் கரைக்கும், நிறையக் குடித்தால் விடிந்தும் மிச்சம் இருக்கும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன். போகும்போது புலம்பினார்: "நான் எழுந்துட்டேன், அது இன்னும் எழுந்து போவலியே!"

சைபர்

கருணாபுரம் ஏழுமலை ஊதியபோதும் கத்தியது. கள்ளச்சாராயத்தில் தன் தெருக்காரர்கள் செத்ததைப் பார்த்து, குடியையே விட்டவர் அவர். முகம் வெளுத்துவிட்டது. வேலை போய்விடுமே!

சாப்பாட்டு டப்பாவோடு வந்திருந்த அவர் மனைவி செல்வி ஓடி வந்தாள். "பல்லு வலிக்கு மருந்து வெச்சி வாய் கொப்பளிச்சாருக்கா, அதான்!" தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லிக் கால் மணி நேரம் உட்கார வைத்தேன். மருந்தில் கலந்த ஸ்பிரிட் வாயில் நிற்பது அதற்குள் போய்விடும். ரத்தத்தில் இருந்தால்தான் மூச்சில் வந்துகொண்டே இருக்கும். அவர் மறுபடி ஊதும்போது, இப்பவும் கத்தட்டும் என்று மனசுக்குள் ஒரு நொடி வேண்டிக்கொண்டேன். சைபர். செல்வி சிரித்தாள்: "மெஷினு சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்க்கா!"

வீட்டுச் சோதனை

செல்வியைப் பார்த்து வயிறு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் வீட்டுக்காரர் கொத்தனார். குடித்து ஒரு வாரமாச்சு என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருந்தார். எனக்கும் ஒரு சைபர் வேண்டும். ஊதினார். அலறியது. போன வாரம் குடித்தது இன்றைக்கு மூச்சில் வராது என்றேன். அவர் அசரவே இல்லை: "மெஷினு ரிப்பேரு. கம்பெனியில சொல்லி மாத்து."

செல்வியின் பெருமூச்சு

மறுநாள் செல்வியிடம், எப்படித்தான் விட வைத்தாய் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் பெருமூச்சு விட்டு முந்திக்கொண்டாள்: "உங்களுக்கு இன்னாக்கா கவலை? மெஷினையே கையில வெச்சிக்கினு கீறீங்க. உங்க வூட்டுக்காரரு ஏமாத்திட முடியுமா?"

குடித்துவிட்டு வருகிறவர்களை வீட்டுக்கு அனுப்புவதுதான் என் வேலை, ஆனால் என் வீட்டுக்காரரை எந்த வீட்டுக்கு அனுப்ப?