தொண்ணூற்றெட்டுக்குக் கீழே நூற்று நான்கு

இதைப் படிக்கும் உங்களைச் சாட்சியாக நிறுத்தியே பேசுகிறேன். நாளை எவரேனும் "கம்ப்யூட்டர் தப்பு" என்று மழுப்பினால், நடந்தது அதுவன்று என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

சிதம்பரத்தில், எங்கள் கல்லூரி அரங்கில் பேச்சுப் போட்டி. நானும் ஒரு போட்டியாளன். முதலிடம் பெறும் ஒருவருக்கு மட்டுமே கடலூர் இறுதிப் போட்டியில் மேடை. நடுவர்கள் கலந்து பேசி, ஒவ்வொருவருக்கும் நூற்றிருபதுக்கு ஒரு மதிப்பெண்ணைக் கைப்பேசியில் இடுவார்கள். அவற்றை வரிசைப்படுத்தும் கணினி நிரலை என் விடுதி அறைத் தோழன் எழுதினான்.

காலையில் அவனருகே அமர்ந்திருந்தேன். திரையில் சிவப்பாக ஒரு மறுப்பு: எண்கள் மட்டுமே கொள்ளும் பட்டியலில் எழுத்துச்சரத்தைச் சேர்க்க இயலாது. கைப்பேசியிலிருந்து வரும் 98 நம் கண்ணுக்கு எண். நிரலுக்கோ 9, 8 என்று அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எழுத்துகள். சேர்க்கும்முன் எண்ணாக மாற்ற ஒரு வரி போதும்.

"அது ஏன் மறுக்குதுன்னு பாருடா," என்றேன்.

"மேடையிலதான் எதிர்வாதம் பண்ணுவ. இங்கயுமா மச்சான்?" என்றவன், பட்டியலையே எழுத்துச்சரப் பட்டியலாக மாற்றிவிட்டான். சிவப்பு மறைந்தது. "பாத்தியா, கம்முனு ஆயிடுச்சி. வா, டீ ஆறுது."

எதிர்ப்பவனுக்குப் பதில் சொல்லாமல் ஒலிவாங்கியைப் பிடுங்கும் கூட்டங்களைக் கண்டிருக்கிறேன். அன்று காலையில் கண்டதும் அதுவே. அந்த மாற்றம் எவரைக் கடிக்கும் என்று மட்டும் அப்போது தெரியவில்லை.

பிற்பகலில் குமராட்சியிலிருந்து வந்த மாணவி பேசினார். கையில் தாள் இல்லை. குரலை உயர்த்தவும் இல்லை. பின்வரிசைப் பேச்சு தானாக நின்றது. அடுத்துப் பேசிய நானும் நன்றாகவே பேசினேன். மேடை எனக்குத் தெரியும். தோற்றுவிட்டேன் என்பதும் தெரியும்.

முதலிடம் என்று என் பெயரை வாசித்தார்கள். கைதட்டல். அந்த மாணவி பையை மாட்டிக்கொண்டு மினிபஸ்ஸுக்குக் கிளம்பினார்.

மேடைக்குப் போகாமல் கணினியிடம் போனேன். 98, 95, 91 என்று இறங்கிய பட்டியலின் கடைசி வரியில், அவர் பெயருக்கு எதிரே 104. எழுத்துகளாக ஒப்பிட்டால் 104-இன் முதலெழுத்தான 1, 98-இன் முதலெழுத்தான 9-ஐவிடச் சிறியது. நூற்றைத் தாண்டிய ஒரே மதிப்பெண் அதனால் அடியில் கிடந்தது.

"உனக்குத்தான வந்துச்சி, வுடு மச்சான். ஜெயிச்சவன் எவனாவது கேள்வி கேப்பானா?" என்று தோழன் காதோரம் சொன்னான். எவரோ உண்ட எச்சில் இலையை என் முன் நகர்த்தி, சாப்பிடு என்பதுபோல் இருந்தது.

போட்டியை நடத்திய பேராசிரியரைத் திரைக்கு அழைத்தேன். பார்த்தார். "அறிவிச்சாச்சுப்பா. இப்ப மாத்துனா அசிங்கமா இருக்கும்."

"அசிங்கம் மேடையிலதான் சார் இருக்கு. இன்னும் நாம தொடைக்கல."

நான் ஒலிவாங்கியை எடுத்தேன். வாசலைத் தாண்டப்போன அந்த மாணவி நின்றார். அரங்கம் முழுதும் கேட்க அவரிடம் சொன்னேன்:

"நீங்கள் வாங்கியது நூற்று நான்கு, நான் தொண்ணூற்றெட்டு. இந்தப் பரிசை என் கை தொடாது. கடலூரில் நீங்கள் பேசும்போது நான் மேடையில் இருக்கமாட்டேன். கீழே, முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்."