மின்வெட்டுக்குக் காத்து நின்ற உலைக்கூடம்

இதனை எழுதிவைக்கும் தேவை சென்ற கிருத்திகையன்று வல்லக்கோட்டையில் எழுந்தது. முருகனை வணங்கி வெளியே வந்தபோது, ஒலிபெருக்கி வண்டியருகே ஒரு மின்னாக்கி டீசல் புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. ஒருகாலத்தில் ஒரகடம் முழுவதும் இந்த நெடிதான் என்று உடன்வந்த இளம் பொறியாளரிடம் சொன்னேன். ஆலைகளுக்கும் மின்வெட்டா என்று அவர் சிரித்தார். அத்துன்பத்தை இளையோர் அறியாதிருப்பது நன்றே. ஆயினும் அது எவ்வாறு நீங்கிற்று, எவர் மனம் அதில் நொந்தது என்பவை மறைந்துவிடலாகாது.

அந்நாளில் ஓர் உதிரிப்பாகத் தொழிலகத்தின் மின்பிரிவுக்கு நான் பொறுப்பாளன். அறிவிப்புப் பலகையில் ஜெனரேட்டரை 'மின்னாக்கி' என்றே எழுதுவேன். எனக்கும் 'மின்னாக்கி சார்' என்றே பெயராயிற்று. உண்மையில் எங்கள் மின்னாக்கியால் வெப்ப உலையை இயக்க இயலாது. என்னாலும் எதனையும் ஆக்க இயலவில்லை. பல்சக்கரங்களைச் செந்தணலாய்க் காய்ச்சி உரமேற்றும் உலை அது. நடுவில் மின்சாரம் நின்றால் உள்ளிருப்பவை அனைத்தும் கழிவு. ஆகவே மாலை வெட்டுநேரம் நெருங்கினால் சரக்கேற்றாமல் கைகட்டி நிற்பது எங்கள் வழக்கமாயிற்று.

அவ்வாறு நின்றவருள் ஏகாம்பரம் பிள்ளைப்பாக்கத்துக்காரர். தொழிற்பேட்டைக்காக நிலம் கைவிட்டுப் போனபின் உலைக்கு வந்தவர். இளைஞர் அந்தோணி தென்கோடிக் கடற்கரையினர். கூடங்குளத்து அணுமின் நிலையத்தைத் திறக்கலாகாது என்று போராடிய பந்தலில் அவருடைய தாயும் அமர்ந்திருந்தார். இங்கோ, மின்சாரம் சீராகாவிடில் உலைப்பிரிவை வேறு மாநிலத்துக்குப் பெயர்த்துவிடுவதாக நிர்வாகம் அறிவித்திருந்தது. பெயர்த்தால் அந்தோணிக்கு வேலையில்லை.

ஒரு மாலை ஏகாம்பரம் சீண்டினார்.

"இன்னாப்பா, உங்கம்மா அங்க கரண்ட மறிச்சிகினு குந்திகீறாங்க. நீ இங்க அதுக்கோசரம் வாயப் பொளந்துகினு நிக்கிற."

எல்லாரும் சிரித்தனர். அந்தோணியும் சிரித்துவிட்டுத்தான் சொன்னார்: "அம்மைக்கு கடலு போயிருமோன்னு பயம்ண்ணே. எனக்கு வேல போயிருமோன்னு பயம். ரெண்டும் ஒரே வீட்டுப் பயந்தான்."

நிலத்தை இழந்த ஏகாம்பரத்துக்கு அந்தப் பயம் தெரியும். தம் தேநீரில் பாதியை அந்தோணியின் குவளையில் ஊற்றினார்.

என் கருத்து அன்றும் தெளிவு, இன்றும் தெளிவு. காற்றாலை ஆடியில் அள்ளித் தரும், ஐப்பசியில் கைவிரிக்கும். கதிரொளி மாலையில் விடைபெறும். இரவும் பகலும் ஒரே சீராய் ஓடும் மின்சாரம் நம் மாநிலத்துக்கு வேண்டும். அதில் அணுமின்னுக்கு உரிய இடம் உண்டு, இனிவரும் ஆண்டுகளில் அவ்விடம் விரியவும் வேண்டும். இதைச் சொல்ல நான் தயங்கியதில்லை.

கூடங்குளத்து நிலையம் இயங்கத் தொடங்கிற்று. புதிய அனல்நிலையங்களும் வெளிமாநிலத்திலிருந்து வந்த மின்வழிகளும் துணைசேர்ந்தன. வெட்டு நின்றது, எங்கள் வழக்கமோ நிற்கவில்லை. மாலையானதும் அனைவரும் சரக்குத் தட்டுகளை விட்டு விலகி விளக்குகளையே அண்ணாந்து நோக்குவர். அவை எரிந்துகொண்டேயிருக்கும். "இன்னா சார், இன்னிக்கும் போவலையே" என்று ஏகாம்பரம் ஏதோ வரவேண்டிய விருந்தாளி வராததுபோல் வருந்துவார். பொறுமையிழந்து, ஒருநாள் அந்த நேரத்திலேயே சரக்கேற்றச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. பிறகு அந்தோணி தனியே சென்று தட்டை உலைக்குள் தள்ளினார். விளக்கு அணையவில்லை. உலை ஒரகடத்திலேயே நிலைத்தது, அந்தோணியும் நிலைத்தார்.

அவர் இங்கேயே வீடெடுத்தபின் தாயைக் காணும் வாய்ப்புக் கிட்டிற்று. அணுமின் நிலையத்தின் காப்பு ஏற்பாடுகளை என் தூயதமிழில் நெடுநேரம் விளக்கினேன். குறுக்கிடாமல் கேட்டபின் அந்த அம்மையார் சொன்னார்:

"இங்க கரண்டு நிக்கதே இல்லியாம்லா. எம்மவனுக்கு வேல இருக்கு, சந்தோசம். எங்களுக்குத்தான் சார் கடலப் பாத்துக்கிட்டே ஒறக்கம் வரமாட்டேங்கு."

மறுமொழியாக இன்னும் இரண்டு காப்பு ஏற்பாடுகளைச் சொன்னேன். "சரிங்க சார்" என்றார். அது உடன்பாடு அன்று என்பது எனக்கே விளங்கிற்று.

இன்று அந்தப் பந்தல் இல்லை. அந்த அம்மையாரும் இல்லை. மாலைதோறும் உலைமுன் கைகட்டி நின்ற கூட்டமும் கலைந்துவிட்டது. என் கருத்து மாறவில்லை. அவருடைய அச்சத்துக்கு நான் சொல்லவேண்டிய விடை மட்டும் கடனாய் என்னிடமே தங்கிவிட்டது.

மின்னியலில் யான் பிழை செய்திருப்பின் பொறியாளர்கள் திருத்துக. அக்கடற்கரையைப் பற்றிப் பிழையாகச் சொல்லியிருப்பின் அங்கு வாழ்வோர் திருத்துக. அவர்கள் சொல்வதையே முதலில் கேட்பேன்.