லியூவின் கடையில் ஒரு டொக்டர்

தமயந்தி யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் டொக்டராக இருந்தவள். நியூசிலாந்தில், ஒக்லண்டில் அவள் மருந்து கட்டினாள். ஒனிஹங்கா என்ற பகுதியில் லியூ என்பவரின் சீன மருந்துக் கடையில், இழுப்பறைகளிலிருந்து வேரையும் பட்டையையும் எடுத்து, சின்னத் தராசில் நிறுத்து, வெள்ளைத் தாளில் பொட்டலம் போடுகிற வேலை. 1994இல் வந்து இறங்கியபோது, ஒரு வருடத்துக்குள் டொக்டராகப் பதிந்துவிடலாம் என்று நினைத்தாள். இங்கத்தைய சோதினையை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டாள். மூன்றாம் முறைக்குப் புத்தகத்தைத் திறந்தால் நித்திரைதான் வந்தது.

லியூவும் சீனாவில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வைத்தியராக இருந்தவர்தான். ஆனால் வேரும் பட்டையும் கொடுக்க அவரிடம் யாரும் சோதினை கேட்கவில்லை. கடைக் கண்ணாடியில் மூலிகை வைத்தியர் என்று எழுதி ஒட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இங்கிலீஸ் வைத்தியத்தைப் படித்துத் தொலைத்ததுதான் தமயந்தி செய்த பிழை. நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். ஆனாலும் அந்த மனுஷன் மேல் கோபப்பட முடியவில்லை. நாடி பிடித்தால் அவசரமே படமாட்டார்.

அவருடைய ஆங்கிலம் அரைகுறை. தமிழாட்கள் வந்தால் தமயந்திதான் நடுவில் நின்று கதைக்க வேண்டும்.

1997 குளிர்காலத்தில் சதாசிவம் வந்தார். பக்கத்துப் பகுதியான த்ரீ கிங்ஸில் இருப்பவர், தமிழ்ச் சங்க ஒன்றுகூடல்களில் கண்டு பழகிய முகம். முழங்கால் நோ என்றார். லியூ நாடி பார்த்து முடித்து, ஆஸ்பத்திரி மருந்து ஏதும் எடுக்கிறாரா என்று கேட்டார். யார் வந்தாலும் அதைக் கேட்பார். சீன மருந்து குடிக்கிறீர்களா என்று எந்த ஆஸ்பத்திரி டொக்டரும் தங்களைக் கேட்டதில்லை என்று அங்கே வருகிறவர்களே சொல்வார்கள். தமயந்தி கேள்வியைத் தமிழில் சொன்னாள்.

“ஒண்டும் இல்லை,” என்றார் சதாசிவம். சொல்லும்போது அவர் லியூவைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

நாடிக்காகச் சட்டைக் கையை மடித்திருந்தார். முழங்கைக்குக் கீழே இரண்டு மூன்று இடத்தில் நீலம் பாரித்திருந்தது. இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுக்கிறவர்களின் தோலில் அதைத் தமயந்தி எத்தனையோ தரம் கண்டிருக்கிறாள். லியூ எழுதித் தந்த துண்டிலோ இரத்தத்தை இளக்குகிற சிவப்பு வேர் இருந்தது. இரண்டும் ஒன்றாக உள்ளே போனால், கசியத் தொடங்கிய இரத்தம் நிற்காது.

பொட்டலம் போடும் மேசையில் வைத்து, மெல்லிய குரலில் திரும்பக் கேட்டாள். நீலம் எப்படி வந்தது என்றாள். கராஜில் இடிபட்டது என்றார். நெஞ்சுக்கு ஏதும் குளிசை எடுக்கிறீர்களா என்று கேட்டதும் அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

“தங்கச்சி, நீங்கள் மருந்து கட்டுற ஆள். கட்டித் தாங்கோ.”

உள்ளே போய் லியூவிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நாலு எட்டுத்தான். ஆனால் மூன்று வருடமாக விழுங்கி வைத்திருந்த அவமானமெல்லாம் அந்த நேரம் பார்த்து மேலே வந்துவிட்டது. மருந்து கட்டுகிறவள்தானே, கட்டுவோம் என்று நினைத்தாள். சிவப்பு வேரையும் சேர்த்து நிறுத்து, பதினான்கு பொட்டலமும் கட்டிக் கொடுத்தாள்.

பன்னிரண்டாம் நாள் சதாசிவம் இரத்தமாகச் சத்தி எடுத்தார். அம்புலன்ஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. வார்டிலிருந்த இளம் டொக்டர், சீனப் புல்லைக் கண்டபடி அவித்துக் குடித்ததற்காகக் குடும்பத்தையே ஏசினாராம். செய்தி கேட்ட லியூ முகம் வெளிறி, நான் கேட்டேன்தானே என்று தமயந்தியிடம் இரண்டு முறை கேட்டார். கேட்டீர்கள் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவர் மனைவி இராசமலர் வெளியே போயிருந்தா. சதாசிவம் வற்றிப்போய்க் கிடந்தார், ஆனால் ஆள் தப்பிவிட்டார். அவளைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கியது.

“குறை நினையாதேங்கோ, தங்கச்சி. மகளுக்குச் சம்பந்தம் பேசினம். தகப்பனுக்கு இருதய வால்வு மாத்தினது எண்டு மாப்பிள்ளை பகுதிக்குத் தெரிஞ்சால் முறிச்சுப்போடுவினம். தமிழ் ஆள் ஒருத்தர் நடுவிலை நிண்டு கேக்கேக்கை எப்பிடிச் சொல்லுறது? டொக்டர் எண்டால் சொல்லியிருப்பன். டொக்டர்மார் வெளியிலை கதைக்க மாட்டினம்.”

“நானும் டொக்டர்தான், அண்ணை.”

“ஓம், தெரியும்,” என்றார் அவர், ஆறுதல் சொல்லுகிற மாதிரி. “அது அங்கை.”

தெரிந்தேதான் கட்டினேன் என்று சொல்வதற்காகத்தான் அவள் அவ்வளவு தூரம் வந்திருந்தாள். போர்வையை அவர் நெஞ்சுவரை இழுத்து விட்டாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றாள்.